பாதி வழியில் நிற்கும் அரணை

பருத்தி எடுத்து முடிந்த பிறகு பிடுங்கிப் போட்ட செடிகள், காய்ந்த பருத்திமார்க் குவியல், அதற்குள் எதுவோ ஓடுகிறது. சரசரவென்று ஓடி, சட்டென்று நின்றுவிடுகிறது. ஆறேழு வயதில், ஒரு சித்திரை மாத முற்பகலில் கேட்ட சத்தம் அது. ஓடிய சத்தத்தைவிட நின்ற சத்தம்தான் இத்தனை காலம் காதில் தங்கியிருக்கிறது. நிற்பதற்குச் சத்தம் உண்டா என்று கேட்கலாம். உண்டு.

குனிந்து பார்த்தேன். எண்ணெய் பூசிய வெண்கலம் போல ஒரு முதுகு. என் பக்கம் திரும்பிய ஒரு சின்ன முகம். அது என்னை நோக்கி நாலடி வந்தது, நடுவில் நின்றது, எதையோ யோசித்தது, பிறகு வந்த வழியே போய்விட்டது. "அரணை. கடிக்கத்தான் வந்துச்சு, மறந்துட்டுப் போகுது" என்றார்கள் வீட்டில். ஏன் மறந்தது என்று கேட்டதற்குக் கிடைத்த கதை இது.

அந்தக் காலத்தில் ஊர்கிற உயிர்களுக்கெல்லாம் பேச்சு இருந்தது. பறவைகள் பேசி ஓய்ந்து, வெயில் ஏறிய பிறகு அவை பேசத் தொடங்கும். குரல் உயராது. சருகோடு சருகு உரசுவது போன்ற பேச்சு. கேட்க வேண்டுமென்றால் ஆள் குனிய வேண்டும்.

கரிசல் காட்டில் ஒரு சின்ன ஊர். அங்கே வெயிலுகந்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அம்மன் பெயரென்று பெற்றவர்கள் வைத்தது. அவளுக்கு அது வெறும் பெயராக நிற்கவில்லை. கோடை வந்தால் ஊரே நிழலுக்குள் ஒடுங்கும். மண் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். அந்த நாட்களில்தான் அவள் காலையிலேயே உலையிறக்கிவிட்டுக் காட்டுக்குக் கிளம்புவாள். விறகு பொறுக்கவும் இல்லை, சாணி பொறுக்கவும் இல்லை. வெறுங்கையோடு போவாள், வெறுங்கையோடு வருவாள். விறகு பொறுக்கப் போகிறவளை ஊர் ஒன்றும் சொல்லாது. வெறுங்கையோடு போகிறவளைச் சும்மா விடுமா?

பக்கத்து வீட்டுக் குருவத்தாய், வாசலில் உட்கார்ந்து பருத்தி எடுத்துக்கொண்டே கேட்பாள்.

"என்னத்தா, இன்னைக்கு எந்த ஓணான் வீட்டுல விசேஷம்? எங்களையெல்லாம் கூப்பிட மாட்டியோ?"

"ஓணான் வீட்டுல ஒண்ணுமில்ல. சாரை வீட்டுலதான் கல்யாணம். ரெண்டும் பின்னிக்கிட்டு ஆடுதுக. நீ வந்தா ஒனக்கு உக்கார எடமில்ல."

குருவத்தாய் பருமனான பெண். அவளே சிரித்துவிடுவாள்.

உண்மையில் வெயிலுகந்தாள் எதற்காகப் போனாள் என்றால், பார்ப்பதற்காகப் போனாள். சித்திரை பிறந்ததும் வேலிக் குச்சியின் உச்சியில் ஓணான் ஏறி நிற்கும். அதன் தலையும் தொண்டையும் செவ்வரளிப் பூவின் நிறத்துக்கு வந்திருக்கும். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும், ஒன்றையும் செய்யாது. உழவு இல்லாத வெட்ட வெளியில் விசிறி ஓணான் ஒரு மண்கட்டியின் மேல் நின்று கழுத்தை விரிக்கும். மயிலுக்கு முதுகில் கொடுத்ததை இதற்குக் கழுத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றும். நீலம், கறுப்பு, ஓரத்தில் ஒரு செம்மண் சிவப்பு. விரித்துவிட்டு, "பாத்தியா, பாத்தியா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பார்த்தேன் என்று சொன்னாலும் நம்பாது. உடும்பு ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசும், அதிலும் இரண்டு பசியைப் பற்றியவை. பச்சைப்பாம்பு வேலிப்பருத்திக் கொடியோடு கொடியாகத் தொங்கும். காற்று வீசினால் கொடி ஆடும் அளவுக்கு அதுவும் ஆடும், காற்று நின்றால் அதுவும் நிற்கும். அந்த நேர்மையை வெயிலுகந்தாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

எல்லாவற்றுக்கும் நடுவில் அரணை இருந்தது.

அந்தக் காலத்து அரணைக்கு மறதி என்பதே கிடையாது. எந்தப் பொந்து யார் தோண்டியது, எந்தக் கல்லடி யாருக்குப் பாத்தியம், மூன்று கோடைக்கு முன்னால் யாருடைய முட்டையை யார் குடித்தது, எல்லாம் அதற்குத் தெரியும். காட்டில் வழக்கு வந்தால் ஊர்வனவெல்லாம் அதனிடம்தான் வரும். அது சொன்னால் மறுபேச்சு இல்லை. அதனிடம் பயமும் இருந்தது. நாகத்தின் கடிக்கு வேர் உண்டு, மந்திரம் உண்டு. அரணையின் கடிக்கு அவற்றைத் தேடிப் போக நேரமே கிடையாது. ஆனால் அது காரணமில்லாமல் கடிக்காது. தனக்குச் செய்த தீங்கை மறக்காது. செய்தவரைத் தேடிப் போய், உச்சி வெயிலில், ஒரே கடி.

முதல் கோடையில் வெயிலுகந்தாள் அதைப் பார்த்தாள். இரண்டாம் கோடையில் அது அவளைப் பார்த்தது.

"போன வருஷம் பங்குனி இருபத்தி மூணுல இதே எடத்துல நின்னே. ஒன் எடது கால்ல முள்ளு தச்சிருந்துச்சு. எடுத்தியா?" என்று கேட்டது.

தன் காலில் முள் தைத்ததை அவளே மறந்திருந்தாள். பிறந்த அன்று முதல் அவளுடைய சின்ன வலிகளில் ஒன்றைக்கூட இன்னொருவர் ஒரு வருடம் ஞாபகம் வைத்திருந்ததில்லை. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எடுத்துவிட்டேன் என்றாள். நல்லது என்றது அரணை.

அன்றிலிருந்து அவள் அதை மதினி என்று கூப்பிட்டாள். அக்கா என்றால் அடங்கி நிற்க வேண்டும், தாயி என்றால் மடியில் விழ வேண்டும். மதினி என்றால் கேலியும் பேசலாம், கோபித்துக்கொண்டும் போகலாம். அரணை அவளை வெயிலு என்றது.

வெயிலுகந்தாளின் புருஷன் பெயர் இருளப்பன். வெயிலுக்கும் இருளுக்கும் முடிச்சுப் போட்டாச்சு, இனிமேல் பொழுது எப்படி விடியும் என்று கல்யாணத்தன்று பந்தலில் எவரோ சொன்ன கேலியை, அதற்குப் பிறகு அவனே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். நல்ல உழைப்பாளி. அதட்டிப் பேசத் தெரியாதவன். ஆனால் ஊர்கிற எதைக் கண்டாலும் அவனுக்கு உடம்பு கூசும். வாசற்படி ஓரத்தில் ஒரு நொச்சிக் கம்பு எப்போதும் சாத்தியிருக்கும். ஓணானோ அரணையோ பூரானோ, அவன் பார்த்தால் அந்தக் கம்புதான். அவன் கோபக்காரன் இல்லை என்பதால் அடியும் கோபமாக இருக்காது. வேலை செய்வது போல அடிப்பான். அவள் காட்டுக்குப் போவதை அவன் தடுக்கவும் இல்லை, எதற்கு என்று கேட்கவும் இல்லை.

ஒரு நாள் வல்லூறு ஒன்று தாழ்ந்து வந்து, பருத்திமார்க் குவியலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த அரணையின் வாலை ஒரு நகத்தால் கீறிவிட்டுப் போயிற்று. வால் அறுபடவில்லை. ஆனாலும் அரணை வெகுநேரம் நடுங்கியது. வாலைத் தன் வயிற்றுக்கடியில் சுருட்டி வைத்துக்கொண்டு கிடந்தது.

வெயிலுகந்தாள் கேலி செய்தாள். போனால் வால்தானே, பல்லிக்கு அறுந்தால் முளைக்கிறதே, நீயும் ஒன்று வளர்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்றாள்.

அரணை கொஞ்ச நேரம் அவளையே பார்த்தது.

"ஒனக்கு மட்டும் சொல்றேன். எனக்கு ஞாபகமெல்லாம் தலையில இல்ல, வெயிலு. வாலுல இருக்கு. வாலு போனா வாலு முளைக்கும். ஞாபகம் முளைக்காது. யார்கிட்டயும் சொல்லாத."

சொல்ல மாட்டேன் என்றாள். அவள் அதைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கை அவள் முழுதாகக் காப்பாற்றினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வருடம் பங்குனிக் கடைசியில் அரணை முட்டையிட்டது. இடம், இருளப்பனின் புஞ்சைதான். பருத்திமார் பிடுங்கிய நிலத்தில், வரப்பை விட்டு நாலு முழம் உள்ளே தள்ளி, ஒரு பெரிய மண்கட்டியின் அடியில். ஏழு முட்டை. வெள்ளைப் புளியங்கொட்டை மாதிரி இருந்தன. அரணை அவளைக் கூட்டிப் போய்க் காட்டியது. இன்னும் எட்டு நாளில் பொரிந்துவிடும் என்றது. அவள் விரல்விட்டுப் பார்த்தாள். சித்திரை பத்தாம் தேதிதான் பொன்னேர் என்று ஊர்ப் பெரியவர் சொல்லியிருந்தார். அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. போதும்.

பொன்னேர் என்பது வருடத்தின் முதல் உழவு. அந்த ஊரில் அதற்கு ஒரு முறை உண்டு. முதல் சால், ஏர் கீறும் முதல் பள்ளம், எங்கே போட வேண்டும் என்று உழுகிறவன் தீர்மானிக்க மாட்டான். அந்த வீட்டுப் பெண் நிலத்தில் போய், பூத்த ஆவாரங்கொப்பு ஒன்றை ஒடித்து நட்டு வைப்பாள். அவள் நட்ட இடத்தில்தான் ஏர் முதலில் இறங்கும். வெயிலுகந்தாளுக்கு இதிலெல்லாம் மனம் செல்லாது. ஒவ்வொரு வருடமும் இருளப்பன் இரண்டு மூன்று தடவை ஞாபகப்படுத்த வேண்டும். கடைசி நேரத்தில் ஓடிப்போய் ஏதாவது ஒரு மூலையில் நட்டுவிட்டு வருவாள்.

முட்டையைப் பார்த்துவிட்டு எழுந்தவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் அந்த வழியாக வருவார்கள். மண்கட்டியில் கால் பட்டால் போயிற்று. வரப்போரம் ஆவாரை பூத்துக் கிடந்தது. மஞ்சள் நிறம், தூரத்திலிருந்தே கண்ணில் படும். ஒரு கொப்பை ஒடித்து மண்கட்டிக்குப் பக்கத்தில் ஆழமாக ஊன்றினாள்.

இது எதற்கு என்றது அரணை.

"எங்க ஊருல ஆவாரங்கொப்பு நட்ட எடத்துல ஆரும் கால் வைக்க மாட்டாக, மதினி. நீ நிம்மதியா இரு."

அது உண்மைதான். ஆவாரங்கொப்பு நட்ட இடத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது, ஏனென்றால் அங்கே முதலில் ஏர் போக வேண்டும். அவள் நினைத்தது முதல் பாதியை. இரண்டாம் பாதி அவள் மனதில் வரவே இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் அரணையின் வேலையாக இருந்ததே. ஆனால் மனிதர்களின் ஏர் முறை அரணைக்குத் தெரியாது.

நாலாம் நாள் சாயங்காலம், எவரும் எதிர்பாராமல், மழை பெய்தது. ஒரு நாழிகைதான். ஆனால் நல்ல மழை. வெடிப்பெல்லாம் வாய் மூடிக்கொண்டன. மண் பதம் போவதற்குள் உழுதுவிட வேண்டும், பத்தாம் தேதி வரை வானம் காத்திருக்காது, நாளை விடிந்ததும் பொன்னேர் என்று பெரியவர் ஆள்விட்டுச் சொன்னார். ஊர் முழுக்க ஏர் துடைக்கும் சத்தமாக இருந்தது. வெயிலுகந்தாள் விடியுமுன் எழுந்து, ஏருக்குப் படைக்கப் பொங்கல் வைத்தாள். அந்த மண்கட்டி அவள் மனதில் இருந்தது. அவள் பயப்படவில்லை. கொப்பு நடாமல் ஏர் இறங்காது. கொப்பு நடப் போகிறவள் அவள். எதிர் மூலையில் நட்டுவிட்டு, இந்தப் பக்கம் நாலு நாள் கழித்து உழுதுகொள்ளலாம் என்று சொல்லிவிட்டால் இருளப்பன் கேட்டுக்கொள்வான். ஏன் என்று கேட்கிற ஆள் இல்லை அவன்.

ஒரு கையில் பொங்கல் கும்பாவும் இன்னொரு கையில் புதிதாக ஒடித்த ஆவாரங்கொப்புமாக அவள் புஞ்சைக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஏர் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் அவளைப் பார்த்ததும் மாட்டை நிறுத்தினான். முகமெல்லாம் சிரிப்பு. அத்தனை வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை.

"இந்த வருஷம் நான் கேக்காமலே நட்டுட்டியே, புள்ள" என்றான். "அதான் ஒனக்காகக் காத்திருக்கல."

அவள் கையில் இருந்த கொப்பை அவன் கவனித்தானோ என்னவோ. அவள் அதைக் கீழே போட்டாள். கும்பாவை வரப்பில் வைத்துவிட்டு, அவன் மறுபடி ஏரைப் பிடித்துத் தூரமாகப் போகும்வரை நின்றாள்.

முதல் சால் நேராக, ஆழமாக, அழகாக இருந்தது. அதன் தொடக்கத்தில் மஞ்சள் பூக்கள் கசங்கிக் கிடந்தன. அரணை சாலுக்குள் உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால், ஈர மண்ணில், முட்டை ஓடுகள்.

வெயிலுகந்தாள் பக்கத்தில் போய்க் குந்தினாள். கொப்பு நட்டது நான்தான், என்னைக் கடி என்றாள்.

அரணை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ எனக்காகத்தான் நட்டே. அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கு. அத நான் என்ன செய்ய?"

பிறகு, இன்று மண் ஈரமாக இருக்கிறது, வெயிலில் வலு இல்லை, மூன்றாம் நாள் உச்சியில் வருவேன் என்றது. ஏரைப் பிடித்த கை எது என்று தனக்குத் தெரியும் என்றது. கொஞ்சம் கழித்து, அதே தாழ்ந்த குரலில் சொன்னது:

"மதினின்னு கூப்பிட்டதால சொல்றேன். அன்னைக்கு நீ வீட்டுல இருக்காத."

அடுத்த இரண்டு நாட்களும் வெயிலுகந்தாள் சமைத்தாள், தண்ணீர் சுமந்தாள், குருவத்தாயின் கேலிக்குப் பதில் சொன்னாள். என்னத்தா, காட்டுக்குப் போகலையா, ஓணான் மாமியார் கோவிச்சுக்கிட்டாளா என்று கேட்டாள் குருவத்தாய். ஆமாம், கோபம்தான் என்றாள் இவள்.

இருளப்பனிடம் நாலு நாள் எங்காவது போய்விட்டு வரலாமா என்று கேட்டுப் பார்த்தாள். பதம் இருக்கும்போது எந்தச் சம்சாரி ஊரைவிட்டுப் போவான் என்று சிரித்தான். இன்னொரு தடவை, சோறு போட்டுக்கொண்டே, அரணை உங்களைக் கடிக்க வந்தால் என்ன செய்வீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டாள். அவன் வாயில் சோற்றோடு வாசற்படியைக் காட்டினான். நொச்சிக் கம்பு அங்கே சாத்தியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சொன்னால் அது சாகும். சொல்லாவிட்டால் இவன் சாவான். இடையில் வேறு வழி இருக்கிறதா என்று இரண்டு நாளாகத் தேடினாள். வழி இருந்தது. அது இருப்பது அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரியாதது போலத்தான் இரண்டு நாளும் தேடினாள்.

மூன்றாம் நாள் வெயில் கொளுத்தியது. இருளப்பன் உழவை நிறுத்திவிட்டு வந்து, கூழ் குடித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் வேம்படியில் துண்டை விரித்துப் படுத்தான். முகத்தின் மேல் இன்னொரு துண்டைப் போட்டுக்கொண்டான். நாலு அடி தள்ளிப் பருத்திமாரை அடுக்கிய படப்பு. வெயிலுகந்தாள் படப்புக்கும் அவனுக்கும் நடுவில், புளியை வைத்துக்கொண்டு கொட்டை எடுக்க உட்கார்ந்தாள். அவனுக்கு உடனே தூக்கம் வந்துவிட்டது. நிழல் அடிமரத்தோடு ஒட்டிக்கொண்ட நேரம்.

சத்தம் கேட்டது. சரசரவென்று, இடையில் நிற்காமல். அந்தக் காலத்து அரணை ஓடினால் நிற்காது. எங்கே போகிறோம் என்று அதற்குத் தெரியும்.

படப்பிலிருந்து வெளியே வந்து அவளைப் பார்த்ததும் மட்டும் ஒரு கணம் வேகம் குறைந்தது.

"இருக்காதன்னு சொன்னேன்ல."

"போக எடமில்ல, மதினி."

அரணை அவளைக் கடந்தது. முதுகு வெண்கலமாக மின்னியது. எத்தனை அழகான முதுகு அது. அதன் தலை அவள் பாதத்தைத் தாண்டியது, உடம்பு தாண்டியது. வெயிலுகந்தாள் இடது காலைத் தூக்கி அதன் வால்மேல் வைத்தாள்.

அது திரும்பிப் பார்த்தது. கோபம் இல்லை. அவள் எதைச் செய்கிறாள், யாரிடம் தெரிந்துகொண்டு செய்கிறாள் என்பதெல்லாம் அதற்கு ஞாபகம் இருந்தது. வால் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு கணத்தில் அது ஒன்றே ஒன்று சொன்னது.

"வெயிலு" என்றது.

அவள் காலை எடுக்கவில்லை. அரணை தன்னை முன்னால் இழுத்தது. காய்ந்த ஈர்க்கு ஒடிவது போல ஒரு சத்தம்.

அது இருளப்பனை நோக்கி நாலடி ஓடியது. நின்றது. இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது. தொண்டை மட்டும் துடித்தது. எதிரே ஒரு மனிதன் படுத்திருந்தான். யாரோ. முகத்துண்டு மூச்சுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அரணை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு திரும்பி, ஒரு கல்லைக் கடந்து போவது போல வெயிலுகந்தாளைக் கடந்து, படப்புக்குள் போய்விட்டது.

அவள் பாதத்தின் கீழே வால் துடித்துக்கொண்டிருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அது வளைந்தது, சுருண்டது, நிமிர்ந்தது. காட்டின் பொந்துகளெல்லாம் அதற்குள் இருந்தன. யார் யாருடைய பங்காளி, எந்தக் கோடையில் எந்த மழை, ஏழு முட்டை, பங்குனி இருபத்தி மூன்றில் ஒருத்தி காலில் தைத்த முள். எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வர வழி தேடுவது போல அது அடித்துக்கொண்டது. இப்போதும் அறுந்த வால் அப்படித்தான் துடிக்கிறது. உயிர் துடிக்கிறது என்கிறார்கள். அது ஓயும்வரை அவள் கையை மூடவில்லை. ஓய்ந்த பிறகு கொண்டுபோய் முதல் சால் தொடங்கிய இடத்தில் புதைத்தாள்.

இருளப்பன் எழுந்து, நல்ல தூக்கம் என்று சொல்லிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு மாட்டைப் பிடிக்கப் போனான்.

காட்டில் வழக்குகள் வந்தன. அரணை அவற்றைக் கேட்டது. கேட்டு முடிக்கும்போது தொடக்கம் அதற்கு நினைவில் இல்லை. யாருக்கு எது பாத்தியம் என்று சொல்ல ஆளில்லாமல் போன பிறகு, பேசி என்ன பயன் என்று ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டன. முதலில் உடும்பு விட்டது. அதற்கு அது பெரிய நஷ்டமில்லை. ஓணான் மட்டும் கேள்வி என்னவென்று தெரியாமலே இன்னும் தலையாட்டிக்கொண்டிருக்கிறது.

அரணைக்கு வால் முளைத்தது. பழையதைவிடக் குட்டையாக, மினுமினுப்பில்லாமல். அதற்குள் கொஞ்சம் ஞாபகம் கொள்ளும். ஒன்றைத் தொடங்கப் போதுமான அளவு, முடிக்கப் போதாத அளவு.

வெயிலுகந்தாள் கோடைதோறும் காட்டுக்குப் போனாள். பருத்திமார்க் குவியலுக்கு முன்னால் உட்காருவாள். அரணை வெளியே வரும், அவளைக் கண்டதும் ஏதோ கேட்பதற்கு வருவது போல நேரே வரும். ஒரு முழம் இருக்கும்போது நின்றுவிடும். தலையைச் சாய்க்கும். அவள் காத்திருப்பாள்.

"முள்ள எடுத்துட்டேன், மதினி" என்பாள் கடைசியில்.

அது திரும்பிப் போய்விடும்.

அன்று முதல்தான் அரணை ஆளைக் கண்டால் நேரே ஓடி வருவதும், பாதி வழியில் நின்று யோசிப்பதும், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பிப் போவதும். அரணை கடித்தால் மரணம் என்கிற சொல் மட்டும், ஓசை நன்றாக இருப்பதாலோ என்னவோ, இன்றுவரை மிஞ்சியிருக்கிறது. அப்படிக் கடிபட்டுச் செத்தவர் என்று ஒருவரையும் யாரும் காட்டியதில்லை.

இருளப்பன் எண்பத்திரண்டு வயது வரை இருந்து, அதே வேம்படியில், ஒரு மத்தியானத் தூக்கத்தில் இறந்துபோனான்.